பின்னிடும் சொற்கள்

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகள் முன்னேறிச் செல்வதைக் குறிக்கும் சொற்களை விரைவில் கற்றுக்கொள்கின்றனர். பள்ளிப் பாடங்களும் அத்தகைய சொற்களையே மிகுதியாகத் தருகின்றன. பின்வாங்குவதைக் குறிக்கும் சொற்களை எவரும் அவர்களுக்குத் தனியே எடுத்துச் சொல்வதில்லை. ஆனால் வாழ்க்கையில் ஒரு குடும்பத்தின் வாசலுக்கு வரும் ஆங்கிலக் கடிதத்தில் இடர் பொதிந்திருக்குமானால், அது பெரும்பாலும் பின்வாங்கும் சொல் ஒன்றிலேதான் பொதிந்திருக்கும். கடையை வாடகைக்குத் தருவதாகச் சொன்னவர் எழுதும் கடிதம், வேலை தருவதாகச் சொன்ன நிறுவனம் எழுதும் கடிதம், பெண்ணெடுப்பதாகச் சொன்ன வீட்டார் எழுதும் கடிதம், எல்லாம் இந்த இனத்தவைதாம். ஊராருக்கு ஆங்கிலக் கடிதங்களைப் படித்துப் பொருள் சொல்லியும், பதில் வரைந்து கொடுத்தும் பல்லாண்டுகள் கழித்தவர் என்ற முறையில் இதனை நாம் துணிந்து கூறலாம்.

தமிழில் 'பின்வாங்கினார்' என்ற ஒரே சொல்லைக் கொண்டு நாம் கடந்துவிடும் இடத்தில், ஆங்கிலம் முப்பதுக்குக் குறையாத சொற்களையும் தொடர்களையும் வைத்திருக்கின்றது. அவற்றில் பல, பின்வாங்கியவரைப் பற்றிய தீர்ப்பையும் தம்முள் அடக்கியிருக்கின்றன. ஒரே செயலைச் செய்த மூவரில், ஒருவர் கண்ணியமாக விலகினார் என்றும், மற்றொருவர் சொன்ன சொல்லிலிருந்து நழுவினார் என்றும், மூன்றாமவர் கோழைத்தனமாக ஓடினார் என்றும் அம்மொழியில் எழுதிவிட முடியும். எழுதுகின்றவர் யார் பக்கம் என்பதைப் பொறுத்தது அது.

முதலில் எளிய சொற்களைப் பார்ப்போம். முதுகையும் பின்புறத்தையும் குறிக்கும் 'பேக்' என்ற சொல்லோடு ஒரு சிறு துணைச்சொல்லை ஒட்டினால் ஒரு குடும்பமே பிறந்துவிடுகின்றது. 'பேக் அவுட்' என்றால் ஒப்புக்கொண்ட ஒன்றிலிருந்து வெளியேறுவது. 'பேக் டவுன்' என்றால் தான் வற்புறுத்திய உரிமையையோ வாதத்தையோ எதிர்ப்பின் முன் கைவிடுவது. 'பேக் ஆஃப்' என்றால் பிறரை நெருக்குவதை நிறுத்தி விலகி நிற்பது. மிதிவண்டியின் பெடலைப் பின்னோக்கி மிதிக்கும் செயலிலிருந்து 'பேக் பெடல்' வந்தது. நேற்றுச் சொன்ன கருத்தை இன்று மெல்ல மெல்லத் திரும்பப் பெறுவோர்க்கு அது பொருந்தும். அரசியல் செய்திகளைப் படிப்போர் இச்சொல்லை அடிக்கடி சந்தித்திருப்பர்.

'பேக் அவுட்' என்பதில் ஒரு நுட்பம் உண்டு. அச்சொல்லின் நேர்ப்பொருளில், பின்னடி வைத்து வெளியேறுகின்றவன் முதுகைக் காட்டுவதில்லை. முகம் நம்மை நோக்கியே இருக்கின்றது. கால்கள் மட்டும் பின்னே செல்கின்றன. மன்னர்முன் நின்றவர்கள் அவ்வாறே வெளியேறினர். ஸியாரத்துக்குச் செல்வோரில் சிலர் முதுகைக் காட்டாமல் பின்னடி வைத்து வெளியே வருவதையும் நாம் பார்த்திருக்கின்றோம். அங்கெல்லாம் அது மரியாதை. வாக்குக் கொடுத்தவன் அதே நடையில் வெளியேறும்போதுதான் அது வேறாகிவிடுகின்றது.

இச்சொற்களின் வேர்களைத் தோண்டிப் பார்த்தால் அவை மனத்திலிருந்து பிறந்தவையாகத் தோன்றவில்லை. வயலிலும் போர்க்களத்திலும் பந்தயத் திடலிலும் சீட்டாட்ட மேசையிலும் பிறந்தவை அவை. 'பால்க்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். உழுசால்களுக்கிடையே உழாமல் விடப்பட்ட மண்மேட்டின் பெயர் அது; நம் உழவர் வரப்பு என்பதற்கு அண்மையானது. உழும்போது ஒரு பகுதியைத் தாண்டி விட்டுவிடுவதற்கு அச்சொல் வந்து, பிறகு குதிரை திடீரென்று நின்று முரண்டு பிடிப்பதற்கும், இறுதியில் மனிதன் ஒரு செயலின் வாயிலில் வந்து நின்று மறுப்பதற்கும் ஆகிவிட்டது. நம்மவர் சண்டி மாடு என்று சொல்லும்போது கொள்ளும் எரிச்சல் அதில் இன்னும் இருக்கின்றது. துப்பாக்கி சுட்டதும் பின்னே உதைப்பதற்கு வழங்கும் 'ரிகாயில்' என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் உள்ளே ஒளிந்திருப்பது உடம்பின் பின்புறத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல். சபையில் சொல்லத் தகாதது. இன்று எத்துணை நாகரிகமான எழுத்தாளரும் அதனைக் கூச்சமின்றிக் கையாள்கின்றனர்.

'வித்ட்ரா' என்பதோ மிகக் கண்ணியமான சொல். அதில் முன்னிற்கும் 'வித்' என்பதற்கு இக்காலத்தில் 'உடன்' என்று பொருள் சொல்கின்றோம். பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'எதிராக' என்பது பொருள். எதிர்த்து நிற்பதைக் குறிக்கும் 'வித்ஸ்டான்ட்' என்ற சொல்லில் அப்பழம்பொருள் இன்றும் உயிரோடிருக்கின்றது. 'வித்ட்ரா'விலோ அது தன்பக்கமாக, பின்னோக்கி என்று நிற்கின்றது. நீட்டிய கையைத் தன்பக்கமாக இழுத்துக்கொள்வதுதான் 'வித்ட்ரா'. வங்கியிலிருந்து பணம் எடுப்பதற்கும் அதுவே சொல். இச்சொல்லைப் பற்றிப் பின்னர் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கின்றது.

'ரிட்ரீட்' என்பது இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பின்னே இழுத்தல் என்பதே அதன் பொருளும். பழைய படைகளில் குரல் எட்டாத தொலைவில் நிற்கும் வீரர்க்குப் பறையொலியாலும் எக்காளத்தாலும் கட்டளை சென்றது. பின்வாங்கச் சொல்லும் பறைக்குத் தனி அடி உண்டு. 'பீட் எ ரிட்ரீட்' என்னும் தொடர் அவ்வடியிலிருந்து பிறந்தது. ஆண்டுதோறும் ஜனவரி 29ஆம் நாள் புது தில்லி விஜய் சவுக்கில், குடியரசு விழாவை நிறைவு செய்து படைகளின் இசைக்குழுவினர் நடத்தும் நிகழ்ச்சிக்கு அப்பெயரே இருக்கின்றது. அந்தி சாயும் வேளையில் படை பாசறைக்குத் திரும்பிய பழக்கத்தின் எச்சம் அது. தோல்விக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தோற்றுத் திரும்பும்போது இச்சொல்லைத் தளபதிகள் விரும்புவதில்லை. 1842 ஜனவரியில் காபூலை விட்டுப் புறப்பட்ட பிரிட்டிஷ் படையில் வீரர் ஏறத்தாழ 4,500 பேர். உடன் சென்ற ஏவலரும் குடும்பத்தாரும் ஏறத்தாழ 12,000 பேர். பனியிலும் மலைக்கணவாய்களிலும் அப்படை அழிந்தது. ஜனவரி 13ஆம் நாள் ஜலாலாபாத் கோட்டை வாயிலை வந்தடைந்த ஐரோப்பியர், பிரைடன் என்னும் மருத்துவர் ஒருவரே. ஆங்கிலேயர் அதனை 'ரிட்ரீட்' என்றே எழுதினர். வேறு சொல்லால் மூட முடியாத அளவுக்கு அழிவு பெரிது. அதன்பின் வந்த போர்களில் அச்சொல் அருகி, 'வித்ட்ராயல்' என்றும், 'இவாக்குவேஷன்' என்றும் எழுதுவது பெருகிற்று. பின்னது, காலி செய்தல் என்னும் பொருளது. வீட்டைக் காலி செய்வதைப் போலப் போர்க்களத்தைக் காலி செய்கின்றார்கள்.

அப்பெயருக்கு உண்மையிலேயே தகுதி பெற்ற ஒரு பின்வாங்கல் உண்டு. 1915 ஏப்ரல் 25ஆம் நாள் துருக்கியின் கல்லிபோலித் தீபகற்பத்தில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, பிரெஞ்சுப் படைகள் இறங்கின. உஸ்மானியர் எட்டு மாதங்கள் அவற்றைக் கரையை விட்டு உள்ளே நகரவிடவில்லை. முன்னேறுவதற்கான ஒவ்வொரு முயற்சியிலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். இறுதியில் திரும்புவதென்று முடிவாயிற்று. திரும்பும்போதும் பேரழிவு நேரும் என்று தளபதிகள் அஞ்சினர். படைவீரர் இரவுகளில் சிறுசிறு கூட்டங்களாகக் கப்பலேறினர். பகலில் எல்லாம் வழக்கம்போல் நடப்பதாகத் தோன்றுமாறு பார்த்துக்கொண்டனர். ஸ்கர்ரி என்ற ஆஸ்திரேலிய வீரர் ஓர் உபாயம் கண்டுபிடித்தார். மேலே ஒரு தகரக் குவளை, கீழே ஒரு தகரக் குவளை. மேலுள்ளதில் நீரை நிரப்பி அடியில் சிறு துளையிட்டார். நீர் சொட்டுச் சொட்டாகக் கீழ்க்குவளையில் நிறைந்து, அதன் கனம் ஒரு கயிற்றின் வழியே துப்பாக்கியின் விசையை இழுக்கும். ஆட்கள் அகன்று நெடுநேரமான பின்னும் வெற்றுப் பதுங்குகுழிகளிலிருந்து குண்டுகள் பாய்ந்தவண்ணம் இருந்தன. டிசம்பர் 20ஆம் நாள் விடிவதற்குள் இரு முகாம்கள் காலியாயின. 1916 ஜனவரி 9ஆம் நாள் மூன்றாவதும் காலியாயிற்று. உயிர்ச்சேதம் அநேகமாக இல்லை. அப்படையெடுப்பில் ஆங்கிலேயர் செம்மையாகச் செய்து முடித்த செயல் பின்வாங்கியது ஒன்றுதான் என்று வரலாற்றாசிரியர் பலரும் எழுதியுள்ளனர். வென்றவர்கள் உஸ்மானியர் என்பதில் ஐயமில்லை. எனினும் அந்தத் தகரக் குவளைகளை நினைக்கும்போது நமக்கும் வியப்பு உண்டாகத்தான் செய்கின்றது.

இனி, கோழைத்தனத்தைச் சுட்டும் சொற்கள். இவற்றில் பறவைகள் மிகுதி. சண்டைக்கு வளர்க்கும் சேவலின் வாலில் வெள்ளிறகு ஒன்று தென்பட்டால் அது கலப்பினம், களத்தில் நிற்காது என்பது இங்கிலாந்தில் சேவற்சண்டைக்காரர்களின் நம்பிக்கை. 'வெள்ளிறகு காட்டினான்' என்று பொருள்படும் 'ஷோ த ஒயிட் ஃபெதர்' என்னும் தொடர் அதிலிருந்து வந்தது. 1785இல் குரோஸ் என்பவர் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியிலேயே வெள்ளிறகு கோழைக்கு அடையாளமாக இடம்பெற்றுவிட்டது. 1902இல் ஏ.இ.டபிள்யூ. மேசன் எழுதிய 'நான்கு இறகுகள்' என்ற நாவலில், எகிப்துப் போருக்குச் செல்லவிருந்த வேளையில் படைப்பதவியைத் துறந்த இளைஞனுக்கு நண்பர் மூவர் ஆளுக்கு ஒரு வெள்ளிறகு அனுப்புகின்றனர். நான்காவதைக் கொடுப்பவள் அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண். நம் நாட்டு இயக்குநர் சேகர் கபூர் 2002இல் இக்கதையைத் திரைப்படமாக்கினார்.

கதையோடு நின்றிருந்தால் கேடில்லை. 1914 ஆகஸ்ட் 30ஆம் நாள், ஃபோக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில், ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ஃபிட்ஸ்ஜெரால்டு 30 பெண்களைத் திரட்டினார். படையில் சேராமல் தெருவில் நடமாடும் இளைஞர்க்கு வெள்ளிறகு கொடுத்து வெட்கமூட்டுவது அவர்கள் பணி. வழக்கம் நாடெங்கும் பரவிற்று. விடுப்பில் வந்து வீட்டு உடையில் சென்ற போர்வீரர்களும் இறகு பெற்றனர். காயமுற்றுப் படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களும் பெற்றனர். அத்தகையோர் சட்டையில் குத்திக்கொள்ள 1916இல் அரசாங்கம் வெள்ளிச் சின்னம் ஒன்றை வழங்க வேண்டியதாயிற்று. புறப்புண்ணை இழிவாகக் கருதிய பழந்தமிழ் மரபு நம்முடையது. ஆகவே அம்மக்களின் மனநிலை நமக்குப் புரியாததன்று. ஆனால் யாரென்றும் அறியாத ஒருவன் நெஞ்சில் இறகைக் குத்திவிட்டு நகரும் துணிவைப் புரிந்துகொள்ள முடியவில்லை.

அமெரிக்கர் இதனை இன்னும் சுருக்கி 'சிக்கன் அவுட்' என்றனர். பந்தயச் சேவல்கூட இல்லை, வெறும் கோழிதான். அவர்களுடைய மற்றொரு தொடர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேறிய 'கோல்ட் ஃபீட்'. கால் சில்லிட்டுப்போதல் என்று பொருள். திருமண நாள் நெருங்கும்போது மணமகனுக்கோ மணமகளுக்கோ உண்டாகும் தயக்கத்திற்கு இதனையே பெரிதும் வழங்குகின்றனர். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சொல்கின்றனர்.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட செய்தியைச் சொல்ல இதுவே இடம். சுமார் 40 ஆண்டுகளுக்கு முன்னர், எம் தெருவில் இருந்த விதவைத் தாயார் ஒருவர் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு எம் வீட்டுக்கு வந்தார். அவருடைய ஒரே மகளை வெளியூரில் வசதியான குடும்பம் ஒன்றில் பேசி முடித்திருந்தனர். நிகாஹ்வுக்கு 38 நாள்கள் இருந்தன. கைக்கூலி என்ற பெயரில் ஒரு தொகையும், மாப்பிள்ளைக்கு மோதிரமும் கடிகாரமும் முன்னரே சென்றுவிட்டன. வீட்டின் பின்கட்டை விற்றுச் சேர்த்த தொகை அது. கடிதம் மாப்பிள்ளையின் தமையனார் பெயரால், ஆங்கிலத்தில், தட்டச்சில் நான்கே வரிகளாக இருந்தது. சூழ்நிலைகளை முன்னிட்டு இச்சம்பந்தத்திலிருந்து 'வித்ட்ரா' செய்வது தவிர்க்க இயலாததாகிவிட்டது என்பதும், அதற்காக வருத்தம் தெரிவிக்கப்படுகின்றது என்பதும் அதன் சாரம்.

நாம் அதனைத் தமிழில் சொன்னோம். அந்தத் தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "யாரு காக்கா வெலகுறது? மாப்பிள்ளையா? அவரு உம்மாவா? இல்ல, இந்தக் காயிதம் எழுதுன தம்பியா?" என்று கேட்டார்.

கடிதத்தை மறுபடியும் படித்தோம். அதில் விடை இல்லை. விலகல் நிகழ்ந்தது; விலகினவர் இல்லை. வருத்தம் தெரிவிக்கப்பட்டது, வருந்தினவர் இல்லை. செய்தவனைச் சொல்லாமலே செயலைச் சொல்லும் வசதி ஆங்கில வாக்கிய அமைப்பில் நிரம்ப உண்டு. அலுவலகங்கள் அதனாலேயே அதனை விரும்புகின்றன. தமிழிலும் 'நேர்ந்துவிட்டது' என்ற மூடுசொல் இருக்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தமிழ் வினையை முழுமையாகச் சொன்னால், விலகினான், விலகினாள், விலகினோம், விலகினீர்கள் என்று அதன் ஈற்றிலேயே ஆள் வந்து நின்றுவிடுகின்றார்.

தாயாருடன் வந்திருந்த அந்தப் பெண் வாசற்கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். பட்டப் படிப்பை முடித்தவள்; கடிதத்தைத் தாய்க்கு முன்பே படித்துவிட்டவள். தாயிடம் சொல்ல வாய் எழாமல்தான் எம்மிடம் அழைத்து வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. "மாமா, பதில இங்கிலீஷ்ல எழுத வேணாம். தமிழ்லயே எழுதுங்க. 'நீங்கள் பேச்சு மாறினீர்கள்'னு எழுதுங்க. குடுத்தத திருப்பி அனுப்பச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

அவள் சொன்னவாறே எழுதினோம். 'மாறினீர்கள்' என்பதை 'மாற நேர்ந்தது' என்று தணிக்கலாமா என்று தாயார் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் சினங்கொண்டு பணத்தை நிறுத்திவிடுவார்களோ என்பது அவர் அச்சம். மகள் ஒப்பவில்லை. மூன்று மாதங்களில், இரு தவணைகளில், பணம் வந்து சேர்ந்தது. மோதிரமும் வந்தது. கடிகாரம் வரவில்லை, கடிதமும் வரவில்லை. அப்பெண் இன்று பேரன் பேத்திகளைக் கண்டுவிட்டாள்.

அக்கடிதத்திற்கு உரிய ஆங்கிலச் சொல்லை எழுதியிருந்தால் அது 'வித்ட்ரா' அன்று, 'ரெனீக்' ஆகும். கொடுத்த வாக்கை மறுத்துவிடுவது அதன் பொருள். சீட்டாட்டத்தில், கையில் அந்த இனச் சீட்டு இருந்தும் இல்லாததுபோல் வேறு சீட்டைப் போடுவதற்கும் அதுவே பெயர். மறுத்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. அதற்கு உடன்பிறந்த சொல் ஒன்று நமக்கு நெருக்கமானது. 'ரெனகேட்' என்று இன்று துரோகிக்கும் கட்சி மாறிக்கும் வழங்கும் சொல், ஸ்பானியரின் 'ரெனகாதோ'விலிருந்து வந்தது. கிறிஸ்தவத்தை விட்டு இஸ்லாத்தைத் தழுவியவனை ஸ்பானியர் அவ்வாறு அழைத்தனர். ஒரு கரையில் இருந்து பார்த்தால் மார்க்கத்திற்கு வந்தவன். மறுகரையிலிருந்து பார்த்தால் மறுத்து ஓடியவன். நம் பிள்ளைகள் அச்சொல்லை எழுதும்போது அதன் பிறப்பை அறிந்து எழுதினால் போதும், விலக்க வேண்டியதில்லை.

'ரீகான்ட்' என்ற சொல்லில் பாட்டு இருக்கின்றது. பாடியதைத் திருப்பிப் பாடுதல் என்பது அதன் வேர். தன் கொள்கை தவறென்று வெளிப்படையாக மறுத்துரைப்பது வழக்கு. கேன்டர்பரியின் பேராயராக இருந்த தாமஸ் கிரான்மர், அரசி மேரியின் காலத்தில் சிறைப்பட்டு, தம் கொள்கைகளை மறுத்து ஒன்றன்பின் ஒன்றாகப் பல பத்திரங்களில் கையொப்பமிட்டார். 1556 மார்ச் 21ஆம் நாள் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத் தேவாலயத்தில் அம்மறுப்பை மக்கள்முன் உரைக்குமாறு நிறுத்தப்பட்டார். அங்கே அவர் மறுப்பையே மறுத்தார். நெருப்பிலிட்டபோது, கையொப்பமிட்ட வலக்கையை முதலில் தீயில் நீட்டினார். பின்வாங்கியதிலிருந்து பின்வாங்கியவருக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் இல்லை.

நம் நீதிமன்றங்களின் ஆங்கிலத்தில் 'ரிசைல்' என்ற சொல் அடிக்கடி வரும். போலீசாரிடம் ஒன்றைக் கூறிய சாட்சி கூண்டில் ஏறி வேறொன்றைக் கூறினால், முன்வாக்குமூலத்திலிருந்து 'ரிசைல்' செய்தார் என்று எழுதுவர். துள்ளிப் பின்னே குதித்தல் என்பது அதன் வேர்ப்பொருள். இடுக்கண் வந்தும் மீண்டெழுவோரைப் புகழும் 'ரிசிலியன்ட்' என்பதும் அதே வேரில் கிளைத்தது! தமிழில் 'பிறழ்சாட்சி' என்று அழகாகச் சொல்லிவிட்டனர். ஆனால் பொதுவாழ்வில் பின்வாங்குவதற்கு நம் நாவில் தாமாக வருபவை வேறு சொற்கள். வேட்புமனுவை 'வாபஸ்' வாங்குகின்றோம், அது பாரசீகம். உத்தரவை 'ரத்து' செய்கின்றோம். அது அரபியின் 'ரத்'. பதவியை 'ராஜினாமா' செய்கின்றோம். அதில் அரபியும் பாரசீகமும் கலந்துள்ளன. 'ராஜினாமா'வின் மூலப்பொருளோ இசைவுப் பத்திரம். இருதரப்பும் மனமொப்பி எழுதுவது. மனமொப்பாமல் கொடுக்கப்படும் ராஜினாமாக்களே செய்தித்தாளில் மிகுதி என்பது வேறு.

மொழிபெயர்ப்பவரைத் தடுக்கி விழச்செய்யும் தொடர் ஒன்று எஞ்சியிருக்கின்றது: 'த்ரோ இன் த டவல்'. துண்டை எறிதல். பேருந்துச் சன்னலின் வழியே துண்டைப் போட்டு இடம்பிடிக்கும் நம்மவர்க்கு அது உரிமை கோரும் செயல். ஆங்கிலத்திலோ உரிமையை விடும் செயல். குத்துச்சண்டையிலிருந்து வந்தது அது. 19ஆம் நூற்றாண்டில் முகம் துடைக்கும் பஞ்சை எறிந்தனர். பின்னர்த் துண்டு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, துண்டை எறிபவன் அடிபடுகின்றவன் அல்லன். மூலையில் நின்று அவனைக் கவனித்துக்கொள்பவன்.

1975 அக்டோபர் 1ஆம் நாள் மணிலாவில் முகம்மது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதியபோது துண்டு எதுவும் பறக்கவில்லை. ஆனால் நிகழ்ந்தது அதுவே. 14 சுற்றுகள் முடிந்தன. ஃபிரேசியரின் கண்கள் வீங்கி, எதிரே வரும் குத்து தெரியாத நிலை. எஞ்சியது ஒரே சுற்று, மூன்றே நிமிடம். அவர் எழ விரும்பினார். அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச், குத்துச்சண்டையில் உயிரிழந்தவர்களைத் தம் கண்ணால் கண்டவர். ஃபிரேசியரை முக்காலியிலேயே அமர்த்திவிட்டு, போதும் என்று நடுவருக்குத் தெரிவித்துவிட்டார். எதிர் மூலையில் வெற்றி பெற்றவராக எழுந்த அலி, கையை உயர்த்திய சிறிது நேரத்தில் களைப்பால் தரையில் சாய்ந்தார்.